உரப்பைக்குள் கிடந்த ஊர்

போன மாதம் எங்கட ஊர்ச் சந்தியில் ஒரு பழைய ஸ்ரூடியோவைப் பூட்டினார்கள். வாசலில் உரப்பை உரப்பையாக நெகற்றிவ்கள், குப்பை எடுக்கிற உழவு இயந்திரத்துக்காகக் கிடந்தன. "உதை வச்சு என்ன செய்யிறது தம்பி? எல்லாம் ஐசிப் படமும் சாமத்தியவீட்டுப் படமும்தானே" என்றார் முதலாளியின் மகன். அவரில் எங்களுக்குக் கோபமில்லை. அந்தக் கிழமை முழுக்க விரிவுரை மண்டபத்தில் யுத்தத்தையும் நினைவையும் பற்றி மணிக்கணக்காகக் கதைத்துவிட்டு, அந்த வாசலைத் தாண்டிச் சைக்கிளில் போய்வந்த எங்களில்தான் கோபம். கடைசியில் இரண்டு உரப்பையை மட்டும் தூக்கிவந்தோம். மிச்சமெல்லாம் போய்விட்டது.

ஸ்ரூடியோக்காரரை நாங்கள் கலைஞராக மதிப்பதில்லை. ஊரின் வரலாற்றைப் பதிந்தவராகவும் மதிப்பதில்லை. இரண்டுமே பெரிய பிழை. ஏன் பிழை எண்டு சொல்ல, லெபனானின் தெற்குக் கரையில் இருக்கிற சைதாவுக்கு ஒருக்கால் போகவேண்டியிருக்கு. பைபிள் வாசித்தவர்களுக்கு அது சீதோன்.

ஹாஷெம் எல் மதனி 1928 இல் அங்கே பிறந்தவர். 1947 இல் ஹைபாவுக்குப் போய், ஒரு யூதப் படப்பிடிப்பாளரிடம் உதவியாளராக நின்று தொழில் பழகினார். 1948 போரோடு ஊருக்குத் திரும்பிவந்தார். முதலில் தாய் தகப்பனின் வீடுதான் ஸ்ரூடியோ. 1953 இல் ஷெஹ்ரஸாத் என்ற கட்டடத்தின் மேல்மாடியில் அதே பெயரில் கடை திறந்தார். கடைக்குள்ளேயே இருந்துவிடவுமில்லை. பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களில் கமராவோடு திரிந்து, கடைக்காரர்களையும் தொழிலாளிகளையும் அவரவர் வேலைசெய்யும் இடத்திலேயே எடுத்தார். ஊர்ச்சனத்தில் 90 வீதமானவர்களைத் தான் எடுத்திருப்பதாக அவர் சொல்லுவார். 2017 இல் காலமானார். ஒரு சின்ன நகரத்தின் அரை நூற்றாண்டு முகம் அவரது பெட்டிகளுக்குள் இருந்தது.

"உதெல்லாம் போஸ் குடுத்த படம், அதில என்ன உண்மை?" எண்டு கேட்கிற ஆக்கள் எங்கட பீடத்திலேயே இருக்கினம். அவர்களுக்கு மதனியின் இரண்டு படங்களைக் காட்டவேண்டும். ஒன்றில் இரண்டு ஆண்கள் சினிமாவில் வருகிறமாதிரி முத்தமிடுகிறார்கள். கட்டுப்பாடான அந்த ஊரில் ஆணும் பெண்ணும் கமராவுக்கு முன்னால் முத்தமிடுவது மிக அரிது. அதனால் சினேகிதர்கள் தங்களுக்குள்ளேயே காதலனும் காதலியுமாக நடித்தார்கள். மற்றதில் கோடாக் விளம்பரத்துக்கு வெட்டிவைத்த அட்டைப் பெண்ணோடு ஓர் இளைஞன் சோடியாக நிற்கிறான். தெருவில் செய்ய ஏலாததை இந்த மனிதர்கள் திரைக்கு முன்னால் செய்துபார்த்தார்கள். ஒரு ஊர் எதுக்கு ஆசைப்பட்டது, எதுக்குப் பயந்தது என்பதை அரச பதிவேடு சொல்லாது. போஸ் சொல்லும்.

"இவ்வளவு அழிவுக்குப் பிறகு கலியாணவீட்டுப் படத்துக்கு என்ன பெறுமதி?" என்பது அடுத்த கேள்வி. இதற்கும் சைதாவிலேயே பதில் இருக்கு. 1982 யூனில் இஸ்ரேலிய விமானங்கள் அந்த நகரத்தைத் தாக்கியபோது, அக்ரம் ஸாத்தரி என்ற 16 வயதுப் பெடியன் வீட்டுப் பல்கனியில் நின்று குண்டுப்புகையைப் படமெடுத்தான். அதே ஸாத்தரி வளர்ந்து, 1997 இல் பெய்ரூட்டில் அரபுப் படிம அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிறகு தன் ஊரின் மதனியைத் தேடிப்போய், வருடக்கணக்காக அவரது நெகற்றிவ்களை ஆராய்ந்து, கதைகளைக் கேட்டுப் பதிந்து, கண்காட்சிகளாகவும் நூல்களாகவும் ஆக்கினார். குண்டுப்புகையைத் தன் கண்ணால் கண்டவருக்கு, புகைக்குக் கீழே வாழ்ந்த சனத்தின் முகமும் தேவைப்பட்டது.

எங்களுக்கு மட்டும் தேவையில்லையோ? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்ட வீடுகளில் எத்தனை அல்பங்கள் விடுபட்டன? காணாமல்போன பிள்ளையின் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அம்மாமார் தெருவில் நிற்கிறார்களே, அந்தப் படமும் ஏதோவொரு ஸ்ரூடியோவில் எடுத்ததாகத்தான் இருக்கும். வீட்டில் இருந்த பிரதி அழிந்திருந்தாலும் நெகற்றிவ் ஒரு லாச்சிக்குள் தப்பியிருக்கலாம். அந்த லாச்சியைத்தான் உழவு இயந்திரத்தில் ஏத்திவிடுகிறோம்.

அதுக்காக எல்லாத்தையும் அள்ளிக்கொண்டுவந்து முகநூலில் போடுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. மதனியிடம் ஒரு பெண் தன் கணவனுக்குத் தெரியாமல் படம் எடுத்திருந்தாள். கணவன் வந்து நெகற்றிவ்களைக் கேட்டான். அதே சுருளில் மற்றவர்களின் படங்களும் இருந்ததால் மதனி கொடுக்க மறுத்தார். ஆனால் அவன் முன்னாலேயே அவளுடைய படங்களை ஊசியால் கீறினார். வருடங்கள் கழித்து, வாழ்க்கை பொறுக்காமல் அவள் தீமூட்டி இறந்தபிறகு, அதே கணவன் திரும்பிவந்து அந்தப் படங்களைப் பெருப்பித்துத் தரச்சொன்னான். அந்தக் கீறல்களோடு அவளை இண்டைக்கு உலகமே பார்க்கிறது. அவளிடம் ஆரும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆவணப்படுத்த வெளிக்கிடுகிற எல்லாரும் முதலில் இந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நிற்கவேண்டும். ஒருவரின் முகம் அவருக்கும் அவரது வீட்டுக்கும் சொந்தம். கேட்டுத்தான் காட்டவேண்டும்.

ஆனால், கேட்பதற்கும் படம் மிஞ்சியிருக்கவேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம், எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. ஸ்ரூடியோ நெகற்றிவ்களுக்கு அப்படியொரு முயற்சியைப் பெரியாக்கள் வந்து தொடங்கும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த விடுமுறையில் உங்கட ஊர் ஸ்ரூடியோக்கார ஐயாவிடம் போய் ஒரு பின்னேரம் இருங்கோ. எந்த வருடம் கடை திறந்தவர், ஆரிடம் தொழில் பழகினவர், இடம்பெயரேக்க எதைத் தூக்கிக்கொண்டு போனவர் எண்டு கேட்டு எழுதுங்கோ. நெகற்றிவ்களை வெயில், ஈரம் படாமல் வைக்க உதவுங்கோ. உறையில் இருக்கிற பேரையும் திகதியையும் அழியமுதல் ஒரு கொப்பியில் பதியுங்கோ.

நாங்கள் தூக்கிவந்த உரப்பைகளைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் ஐசிப் படங்கள்தான். மகன் சொன்னது சரி. நெற்றியில் திருநீறோடு, புதுச்சட்டையோடு, எங்கட வயதுப் பெடியளும் பெட்டையளும் நேராகப் பார்த்துக்கொண்டு இருக்கினம். இவை ஆர், இப்ப எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. ஊரில் ஆருக்கோ தெரியும். வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறோம்.