தலைவனும் தோணிக்காரனும்

சென்ற தவணையிலே பத்தாந் தரத்து மாணவரிடம் ‘கெட்டிக்காரன்’ என்னுஞ் சொல்லை அமைத்து ஒரு வாக்கியம் எழுதுமாறு பணித்தேன். ஒருவன், “பல கொலை செய்தும் பொலிசாரிடம் அகப்படாது வெளிநாட்டில் வாழ்பவன் கெட்டிக்காரன்” என எழுதியிருந்தான். இலக்கணப் பிழை யாதுமில்லை; முழுப் புள்ளியும் வழங்கினேன். ஆயினும் அவ்வாக்கியம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது அதுவே முன்வந்து நின்றது.

பாதாளக் குழுத் தலைவர்கள் உண்மையில் அத்துணைக் கெட்டிக்காரரோ? 2017இல் களுத்துறையிலே சிறைச்சாலைப் பேருந்தொன்று தாக்கப்பட்டு ஏழுபேர் மாண்டனர். அதன் பின்னணியில் இருந்தவன் எனத் தேடப்பட்ட அங்கொட லொக்கா, கோயம்புத்தூரிலே பிரதீப் சிங் என்னும் பெயரோடு வாழ்ந்தான். 2020 யூலையில் அங்கே இறந்தான். பொய்ப்பெயரிலேயே மதுரையில் அவனுடல் எரியூட்டப்பட்டது. பெயரைப் புனைதல் எவர்க்கும் எளிது. அப்பெயருக்கு அட்டை பெற்றுக்கொடுத்தவர், குடியிருக்க வீடு கொடுத்தவர், சுடலையிலே கையொப்பமிட்டவர் ஆகியோர் இலரேல் அவன் கெட்டித்தனம் ஒரு கிழமையேனும் நிலைத்திருக்குமா?

2025 பெப்ரவரி 19ஆம் நாள் கொழும்பு அளுத்கடை நீதிமன்றிலே, கூண்டில் நின்ற கணேமுல்ல சஞ்சீவ என்பான், சட்டத்தரணி உடை தரித்து வந்த ஒருவனாற் சுடப்பட்டு இறந்தான். துப்பாக்கி ஒளித்து வைக்கப்பட்டதோ, உட்குடையப்பட்ட ஒரு சட்டநூலினுள்! நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுமாறு கற்பிக்கும் எம்மனோர்க்கு இதனினுங் கொடிய செய்தி வேண்டுமோ? இதற்குத் துணைபோனாள் எனத் தேடப்பட்ட பெண் ஒக்டோபரில் நேபாளத்திலே அகப்பட்டாள். அவள் யாழ்ப்பாணக் கரையிலிருந்தே படகேறி இந்தியா சென்றாள் எனப் பத்திரிகைகள் எழுதின. அதனைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நம் முன்னோர் மதித்த கடல் இது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் சென்றதும் கடல்வழியே. இன்று அதே கடலிலே கேரளக் கஞ்சாப் பொதிகள் வருகின்றன. நமது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்ற வாயிலில் நின்று பாருங்கள். எல்லை தாண்டி வலைவீசிய தமிழகத்து மீனவரைக் காண்பீர்கள். பொதி இறக்கக் கூலிக்குப் போன பையனையுங் காண்பீர்கள். பொதிக்குரியவனைக் காண்டல் அரிது. பையன் வாய்திறவான், திறந்தால் வீட்டாருக்கு யாது நேருமோ என்னும் அச்சம் அவனுக்கு.

சின்னவன் வாய்திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவிலே ஓர் உதாரணம் உண்டு. சிக்காகோ நகரை ஆட்டிப்படைத்த அல் கபோன் கொலைக் குற்றத்துக்காக என்றுமே தண்டிக்கப்பட்டானல்லன். 1931இல் வருமான வரி வழக்கிலேதான் அவனுக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது. யூரிமாரை விலைக்கு வாங்க முயல்கின்றான் என்றறிந்த நீதிபதி, யூரிமார் அனைவரையும் மாற்றிவிட்டார். சான்றாக வந்தது சூதாட்ட விடுதியின் கணக்கேடு. அதை எழுதிய கணக்கப்பிள்ளையே சாட்சிக் கூண்டில் ஏறினார்.

“இவர்களைச் சுட்டுத்தள்ளினாற் போதாதா? வழக்கு எதற்கு?” என்பார் நம்மவருள்ளும் உளர். யான் உடன்படேன். 2019இல் துபாயிலே பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட மாக்கந்துர மதுஷ், 2020 ஒக்டோபரில் பொலிஸ் காவலில் இருந்தபோதே மாளிகாவத்தையிலே துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். மறுபக்கத்தார் சுட்டனர் என்றனர் பொலிசார். எங்ஙனமாயினும் அவன் சொல்லக்கூடியிருந்த பெயர்கள் அவனோடு மாய்ந்தன. அப்பெயர்க்குரியோர் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பரன்றோ?

கூலிக்குப் போன பையன் உண்மை உரைக்க முன்வருவானாயின், அவன் பக்கம் ஊதியம் வாங்காது நிற்க ஒரு சட்டத்தரணி வேண்டும். நம் சங்கத்திலே சட்டத்தரணிகள் பலர் உளர். சமாதான நீதவான்களும் உளர். அடுத்த பொதுக்கூட்டத்திலே இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிவார் யாரேனும் இருப்பின் முன்னரே எனக்கு அறிவிக்குக.