சைக்கிள் என்று நம்பி ஏறும் வண்டி



கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டி மாத்தளைக்குப் போகும் வழியில் இருக்கிறது அலவத்துகொட. இவ்வூரார் அந்த வீதியை மாத்தளை வீதி என்பார்கள். யாழ்ப்பாணத்திலுள்ள எமது வாசகிகள் அதே வீதியைத்தான் கண்டி வீதி என்கிறார்கள். இரண்டும் ஒரே ஏ-9 வீதி. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகக் குடும்பங்கள் பல இவ்வழியாகத்தான் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. பிறகு வன்னியில் யுத்தம் மூண்டபோது அங்கிருந்தும் பெயர்ந்தன.

அலவத்துகொடயில் இந்த வீதி வளைந்து வளைந்து செல்கிறது. மலைச்சரிவு வீடுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் சிறு பாதைகள் செங்குத்தாக இறங்கி வந்து பிரதான வீதியில் சேருகின்றன. பஸ்களும் லொறிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. மழை பெய்தால் மேட்டிலிருந்து மண்ணும் கல்லும் வீதிக்கு வந்துவிடும். இத்தகைய வீதியில் மின்சார சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையே இம்மாதம் பேசப்போகிறோம். இங்கே பாதுகாப்பாக ஓட்டத் தெரிந்தவருக்குக் கிளிநொச்சியின் சமதரையிலும் அது உதவும்.

ஏன் வாங்குகிறோம்?

சைக்கிள் எமக்குப் புதியதல்ல. 1990களில் வடக்கில் எரிபொருள் தடை இருந்தபோது பெண்கள் சைக்கிளில்தான் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் நிவாரணம் எடுக்கவும் போனார்கள். 2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, பற்றரியில் ஓடும் வண்டியின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிக்கு இது பெரிய உதவி. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் 'என்னைக் கொண்டுபோய் விடுங்கோ' என்று கேட்கவும் வேண்டாம்.

ஆகவே இந்த வண்டியை வாங்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இதைச் சைக்கிள் என்று எண்ணி ஏறாதீர்கள் என்றே சொல்கிறோம். பெடல் இருந்தாலும் இது ஒரு மோட்டார் வண்டி. வீட்டில் உழைப்பவர் ஒருவர் மட்டும் என்றால், அவருடைய ஒரு கால் முறிவு மூன்று மாத அடுப்பை அணைத்துவிடும்.

வேறுபாடு எங்கே?

முதலாவது, வேகம். மிதிக்கும் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் போனால், ஒரு செக்கனில் சுமார் 4 மீற்றர் நகரும். மின்சார வண்டி 30 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனில் 8 மீற்றருக்கு மேல் போய்விடும். ஒரு நாய் குறுக்கே வந்ததைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் எடுக்கும் என்றால், அதற்குள் வண்டி ஒரு வீட்டின் நீளம் ஓடியிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் அடி நான்கு மடங்காகும்.

இரண்டாவது, பாரம். பற்றரியும் மோட்டாரும் சேர்ந்து கனமாக இருப்பதால், சாய்ந்தால் காலை ஊன்றித் தாங்குவது கடினம். ஓடும்போது மட்டுமல்லாமல் ஏறும்போதும் இறங்கும்போதும் பலர் விழுவது இதனால்தான்.

மூன்றாவது, வலது கைப்பிடி. பல வண்டிகளில் அதை முறுக்கினால்தான் வேகம் கூடும். பயந்துபோனால் எவருக்கும் கை இறுகும். இறுகும் கை முறுகவும் செய்யும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி பாய்ந்துவிடும். பிரேக் பிடித்ததும் மோட்டார் தானாக நிற்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. வாங்கும் முன்னர், பின்சில்லு நிலத்தில் படாதபடி ஸ்ராண்டில் நிறுத்தி இதைச் சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, ஓசை இல்லை. வீதியில் நடக்கும் முதியவருக்கும் விளையாடும் பிள்ளைக்கும் நீங்கள் வருவது கேட்காது. ஹோர்ன் வேலை செய்ய வேண்டும். பகலிலும் முன்விளக்கைப் போட்டு ஓடுவது நல்லது.

இறக்கத்தில் என்ன செய்வது?

மலைப்பாதையில் இறங்கும்போது வேகம் கூடிய பிறகு பிரேக் பிடிப்பது தவறு. இறக்கம் தொடங்கும் முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பெற்றோல் மோட்டார் சைக்கிளில் கியரைக் குறைத்து இறங்குவதுபோல இதில் பெரும்பாலும் முடியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இடையில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்த வேண்டும். ஈரத்திலும் மணலிலும் முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் முன்சில்லு வழுக்கும்.

அக்குறணையில் பிங்கா ஓயா பெருகும்போது வீதியில் வெள்ளம் நிற்பது நாம் அறிந்ததே. அப்படியான நீரில் வண்டியை இறக்காதீர்கள். நீருக்கடியில் குழி தெரியாது. மோட்டாருக்கும் மின்கம்பிகளுக்கும் நீர் பகை.

எமது உடையும் எமது உடலும்

பங்களாதேஷில் பற்றரியில் ஓடும் மூன்று சில்லு வண்டிகள் ஏராளம். அங்கே இளம்பெண்கள் தோளில் போடும் ஓர்ணா எனும் சால்வை வண்டியின் சுழலும் அச்சில் சிக்கிக் கழுத்தை இழுத்ததால், கழுத்தெலும்பு முறிந்து கை கால் இயங்காமற் போனவர்கள் இருக்கிறார்கள். டாக்காவுக்கு அருகே சாவாரில், 1979இல் வலெரி டெய்லர் என்ற பெண்மணி தொடங்கிய முடக்குவாதப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அப்படிப்பட்ட பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வேலைக்கும் பாடசாலைக்கும் போன பிள்ளைகள் அவர்கள்.

எமது சேலைத் தலைப்பும் சுடிதார் சால்வையும் அப்படியே சிக்கக்கூடியவை. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள், மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் வண்டியில் அது இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் செய்வித்துப் பொருத்துங்கள். சால்வையைக் கழுத்தில் சுற்றாமல், முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சிடுங்கள். தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவரின் உடையையும் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் முன்பிரேக் வலது கையிலும் பின்பிரேக் இடது கையிலும் இருக்கும். ஒரு கை பலவீனமானால், பலமுள்ள கையால் மாத்திரம் வண்டியை நிறுத்த முடிகிறதா என்று ஆளில்லாத மைதானத்தில் பார்த்த பிறகே வீதிக்கு வாருங்கள். செயற்கைக் கால் அணிந்தவர்கள் நிற்கும்போது நல்ல கால் பக்கமாகச் சாயப் பழகுங்கள். ஷெல் வெடித்துக் காது மந்தமானவர்களுக்குப் பின்னால் வரும் பஸ் கேட்காது. இரு பக்கமும் கண்ணாடி இல்லாமல் அவர்கள் ஓடவே கூடாது.

தலைக்கவசத்தைப் பற்றிப் பலமுறை எழுதியாகிவிட்டது, இருந்தும் எழுத வேண்டியிருக்கிறது. 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான மீளாய்வு ஒன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்தால் மரணம் 42 வீதமும் தலைக்காயம் 69 வீதமும் குறைகின்றன என்று கண்டது. நாடிப்பட்டியைப் பூட்டாத கவசம் விழும்போது கழன்றுவிடும். பட்டிக்கும் நாடிக்கும் இடையே இரண்டு விரல் போகும் அளவுக்கு இறுக்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியக் கூடாது. பின்னால் இருப்பவருக்கும் இது வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

'இதற்கு லைசன்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம்' என்று சில கடைகளில் சொல்வார்கள். இந்தியாவில் 250 வாற்றுக்குக் குறைந்த, மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகாத வண்டிக்கு அந்தச் சலுகை உண்டு. அது இந்தியச் சட்டம். இலங்கையில் மின்சார மோட்டார் சைக்கிள்களைப் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள், நுண்கடன் எடுக்காதீர்கள். வண்டியின் விபரத்தை எழுதி வாங்கிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.

பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி எடுக்க முடியாமற் போகும். உங்கள் வண்டி ஒரு முதியவரைத் தட்டிவிட்டால் அவருடைய செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். மற்றவரின் பிழையால் நீங்கள் விழுந்தாலும், உங்களிடம் பத்திரம் இல்லை என்பதையே முதலில் பேசுவார்கள். நட்டஈடு கேட்கும் உரிமையைக் காப்பது இந்தப் பத்திரங்கள்தான். மோதிய வாகனம் நிற்காமல் ஓடி, அது எதுவென்று தெரியாமலே போனால், வீதிப் பாதுகாப்பு தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பொலிஸ் முறைப்பாடு அவசியம்.

பற்றரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயோர்க் நகரில் 2023இல் லிதியம் பற்றரித் தீயினால் 18 பேர் இறந்தார்கள். ஓரறை வீட்டில், ஒரே வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி இரவிரவாகச் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரை மாத்திரம் பாவியுங்கள். வீங்கிய, அடிபட்ட பற்றரியைச் சார்ஜ் போடவே கூடாது.

விழுந்தால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்று சொல்பவரைத் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடித்து ஏற்றாதீர்கள். அம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் வைத்திருங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, காதாலோ மூக்காலோ இரத்தம் அல்லது நீர் வருதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கைப்பிடி வயிற்றில் குத்தியிருந்தால் வெளியில் காயம் இல்லாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். கர்ப்பிணியானால் சிறிய விழுகைக்கும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எமது பெண்கள் பலர் விழுந்ததை வீட்டில் சொல்வதில்லை. 'உன்னை யார் ஓடச் சொன்னது' என்ற ஏச்சுக்குப் பயந்து, காயத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டு சமைக்கப் போவார்கள். மறைத்த தலைக்காயம் மறுநாள் உயிரை எடுத்திருக்கிறது. வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விழுந்து வந்தவரை ஏசாதீர்கள். எங்கே அடிபட்டது என்று முதலில் கேளுங்கள்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். அலவத்துகொட போன்ற இடங்களில் அது சிங்களத்தில் எழுதப்படலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் இட வேண்டாம். தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்திருங்கள்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் இரண்டு பிரேக்கையும் ஒரு திருத்துநரிடம் காட்டுங்கள். பத்திரங்களை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, ஓடத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பழக்குங்கள். எத்தனையோ இழந்த பிறகு எமக்குக் கிடைத்த ஒரு சுதந்திரம், நினைத்த இடத்துக்கு நாமே போய்வருவது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.