ஆட்டின் எடை கூடுகிறது, கறி கூடுகிறதா?

கே.வி.குப்பத்தில் திங்கள்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் பக்ரீத் நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகும். கிராமச் சந்தைகள் பலவற்றைப் போல அங்கும் கண் மதிப்புக்குத்தான் முதலிடம். வியாபாரி ஆட்டின் முதுகைத் தடவி, இடுப்பைப் பிடித்துப் பார்த்து, இத்தனை கிலோ கறி விழும் என்று ஒரு கணக்குச் சொல்வார். வளர்த்தவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார். பேரத்தில் பெரும்பாலும் இறங்கி வருபவர் வளர்த்தவர்தான். வியாபாரி எத்தனையோ ஆடுகளை அறுத்து உள்ளே பார்த்தவர். வளர்த்தவருக்குத் தெரிந்தது தீவனச் செலவு மட்டுமே.

உள்ளே இருப்பது என்ன என்பதை ஆடு வளர்ப்போரும் தெரிந்துகொள்ள வேண்டும். பண்டிகைக்கு ஒன்றிரண்டு மாதங்கள் இருக்கும்போது கிடாவைக் கட்டிப்போட்டு மக்காச்சோளம், கோதுமை, அரிசி என்று கொட்டிக் கொழுக்க வைக்கும் வழக்கம் நம் பகுதியில் பரவி வருகிறது. இப்படி ஏற்றும் கடைசிக் கிலோக்களில் பெரும்பங்கு கறியாக வருவதில்லை. அது கொழுப்பாகச் சேர்கிறது. அதுவும் வயிற்றுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்.

வளரும் உடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எலும்பு, அடுத்து தசை, கடைசியில் கொழுப்பு. குட்டிப் பருவத்தில் கொழுப்புச் செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. ஆடு முதிர்ந்த எடையை நெருங்கும்போது, இருக்கும் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு பெரிதாகின்றன. நிரம்பும் இடங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலின் மேலும் முதலில் படியும். பிறகு தசைகளுக்கு இடையில், அடுத்து தோலுக்கு அடியில். கறிக்குச் சுவை தரும், தசைக்குள்ளேயே இழையோடும் கொழுப்பு கடைசியில்தான் சேரும். வெள்ளாட்டில் உள்கொழுப்பின் பங்கு இன்னும் அதிகம். தோலுக்கடியில் மிகக் குறைவாகவே இருக்கும். முதுகைத் தடவினால் மெலிந்ததாகத் தோன்றும் வெள்ளாட்டை அறுத்தால், குடலை வலைபோல் மூடிய வெள்ளைக் கொழுப்பு நிறைய இருப்பது இதனால்தான். அதில் பெரும்பகுதி குடலோடு தனியே போய்விடும். கறி விலை கிடைக்காது.

“எடைக்குத்தானே காசு? கொழுப்பும் எடைதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தீவனக் கணக்கில் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9.4 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது; ஒரு கிராம் புரதத்தில் 5.6. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆகவே ஒரு கிலோ கொழுப்பற்ற கறியில் சேரும் ஆற்றல் 1,100 கிலோ கலோரி அளவுதான். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் அது 8,000 அளவுக்கு இருக்கும். புரதத்தை உடலில் சேர்க்க ஆற்றல் கூடுதலாக வீணாகும் என்பதையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் குறையும். அப்படியும் ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற, ஒரு கிலோ கறி ஏற்றுவதைப் போலச் சில மடங்கு தீவனம் தேவை. சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலை கிடைத்தாலும் வளர்ப்பவருக்கு நட்டம்தான்.

அசைபோடும் விலங்கின் வயிறும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் தழையையும் தானியத்தையும் புளிக்கவைத்துச் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் அசிட்டிக் அமிலமே கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். கோழிக்குக் கொழுப்பு உருவாகும் முக்கிய இடம் கல்லீரல். ஆட்டுக்கு அந்தக் கொழுப்புத் திசுவேதான். தானியம் மிகுந்தால் ரத்தத்தில் இன்சுலின் கூடும். தேவைக்கு மேற்பட்ட ஆற்றல் எல்லாம் சேமிப்பாகும். பட்டினியிலும் சினைக்காலத்திலும் உடைத்துச் செலவிட இயற்கை வைத்த இருப்பு இது. தாய் ஆட்டுக்கு அளவான இருப்பு வேண்டும். இல்லையென்றால் குட்டிக்குப் பால் இராது. விற்கப் போகும் கிடாவுக்கு அதைப் பெருக்கிக் கொடுப்பதில் பொருளில்லை.

அவசரக் கொழுப்பேற்றலில் வேறு ஆபத்தும் உண்டு. பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென அரிசி, சோறு, மாவு என்று அதிகம் கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி ஆடு படுத்துவிடும். விருந்து வீட்டில் மிஞ்சிய பிரியாணியைத் தின்று இறந்த ஆடுகளைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். துள்ளுமாரி நோயும் இப்படித் திடீரென மாறும் செழிப்பான தீவனத்தில்தான் தலைதூக்கும். தடுப்பூசி போடாத மந்தையில், நன்றாகக் கொழுத்த ஆடே முதலில் விழும்.

நம் பகுதிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் பட்டையில் ஆட்டுத்தோலும் ஒரு விளைபொருள். தோலுக்குள் இயற்கையாக உள்ள கொழுப்பு பதனிடுபவருக்குத் தொல்லை. சுண்ணாம்புடன் சேர்ந்து அது கரையாத சோப்பாகும். சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பதனிட்ட பிறகும் மேலே வெள்ளை பூக்கும். ஆகவே அந்தக் கொழுப்பை முதலில் நீக்கிவிட்டு, கடைசியில் வேறு எண்ணெயை அளவாக ஏற்றித் தோலை மென்மையாக்குகிறார்கள். குளிர்நாட்டுக் கம்பளி ஆடுகளின் தோலைவிட நம் முடி ஆடுகளின் தோலில் கொழுப்பு மிகக் குறைவு. மேச்சேரி செம்மறியின் தோலுக்குத் தொழிலில் தனி மதிப்பு இருக்கிறது. அந்த இயல்பான நன்மையை, தேவையில்லாமல் கொழுக்கவைத்துக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, செலவைக் குட்டிப் பருவத்துக்கு நகர்த்துங்கள். தசை வளரும் காலத்தில் புரதம் கொடுத்தால் அது கறியாகும். 100 கிலோ அடர்தீவனத்துக்கு மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ என்று கலந்தால் வளரும் குட்டிக்குப் போதிய புரதம் கிடைக்கும். பிண்ணாக்கில் பூஞ்சணம் இருக்கக் கூடாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் ஆகியவற்றை வரப்பிலும் வேலியிலும் வளர்த்தால் பிண்ணாக்குச் செலவு குறையும். நிலக்கடலை அறுவடையின்போது கடலைக்கொடியைக் காயவைத்துச் சேமியுங்கள்.

இரண்டாவது, 15 நாட்களுக்கு ஒருமுறை எடை போடுங்கள். கூடிய எடையையும் அந்த 15 நாள் தீவனச் செலவையும் நோட்டில் எழுதி, ஒரு கிலோ ஏறுவதற்கு ஆன செலவைப் பாருங்கள். நோயில்லாத ஆடு அதே தீவனத்தைத் தின்றும் எடை ஏறுவது குறைந்தால் அது கொழுப்புப் பருவத்துக்குள் வந்துவிட்டது. அந்தச் செலவு சந்தை விலையைத் தொடுவதற்கு முன் விற்பதே லாபம்.

மூன்றாவது, கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். வெள்ளாட்டின் முதுகோடு, முன்கால்களுக்கு இடையே உள்ள நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் ஆடு மெலிவு. விரலுக்கு மெத்தென்ற ஒரு திண்டு அகப்பட்டு, அழுத்தினால் எலும்பு தெரிந்தால் போதுமான நிலை. எலும்பே தெரியாத அளவு திண்டு தடித்திருந்தால், உள்ளே கொழுப்பு நிறைந்துவிட்டது என்று பொருள்.

பக்ரீத்துக்கு வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. அங்கே உருவத்துக்கு விலை உண்டு என்பது உண்மை. உருவம் என்பது எலும்பும் தசையும். அதைக் கடைசி மாதத்தில் வாங்க முடியாது. பண்டிகை ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகிறது. அதைக் கணக்கிட்டு இனச்சேர்க்கைக் காலத்தை அமைத்து, கிடாவுக்கு ஓராண்டு நிறைவதையும் பார்த்துக்கொண்டால் கடைசி நேரக் கொழுப்பேற்றல் தேவைப்படாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பயிற்சிகளில் எடை அதிகரிப்பு பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த எடை எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. வேலூரில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையமும் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கும் முறையை ஒரு மணி நேரச் செய்முறையாகவே சொல்லித்தரலாம். ஒவ்வொரு ஆட்டுச் சந்தையிலும், எவரும் பயன்படுத்தும் வகையில் ஒரு எடை மேடையை உள்ளாட்சி அமைப்புகள் நிறுவ வேண்டும். எடைச்சீட்டு கையில் இருந்தால், வளர்த்தவரும் பேரத்தில் கணக்கோடு நிற்பார்.