ராத்திரியோடு ராத்திரியாக கடை காணாமல் போகும்! செல்போன் வியாபாரத்தில் இறங்குவோர் கவனிக்க வேண்டிய கணக்கு

வெள்ளகோவில்,

கோவை - கரூர் ரோட்டில் பஸ்சில் போகிறவர்களுக்கு வெள்ளகோவில் என்றதும் முருங்கைக்காய் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றுப்பட்டு கிராமங்களில் இருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும். செடி முருங்கைக்கு ஒரு விலை. மர முருங்கைக்கு ஒரு விலை. கரும்பு முருங்கைக்கு வேறு விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்பும் சூரியகாந்தி விதையும் ஏலம் போகின்றன. ஊருக்குள் போனால் விசைத்தறி சத்தம்.

விற்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியும். எடைத்தட்டு கண் முன்னால் நிற்கும்.

இப்போது கொங்கு மண்டலம் முழுக்க இன்னொரு சந்தை நடக்கிறது. செக்கு எண்ணெய், முருங்கை இலைப் பொடி, பெட்ஷீட், துண்டு, பனியன் எல்லாம் செல்போனில் ஏறிவிட்டன. பேஸ்புக்கில் ஒரு படம், இன்ஸ்டாகிராமில் அரை நிமிட வீடியோ, வாட்ஸ்-அப்பில் ஆர்டர். கடை வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது.

வாடகை இல்லாத கடை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடை யாருடையது? இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

59 ஆப் காலி!

2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி ராத்திரி மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. சீனக் கம்பெனிகளின் 59 ஆப்களுக்குத் தடை. அதில் டிக்-டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களின் பக்கங்கள் ஒரே நாளில் அம்போ! யாரிடம் போய்க் கேட்பது? பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

அடுத்த வருஷம் இன்னொரு கூத்து. 2021 அக்டோபர் 4-ந் தேதி ராத்திரி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்-அப் மூன்றும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. சுமார் 6 மணி நேரம் உயிர் வரவில்லை. மூன்றும் ஒரே முதலாளியின் சரக்கு. அந்தக் கம்பெனியின் பராமரிப்பு வேலையில் நடந்த கோளாறுக்கு, இங்கே வியாபாரி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அடி. தெரியாத அடியும் உண்டு. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் வழக்கத்தை மாற்றியது. இனிமேல் சொந்தபந்தம், நண்பர்கள் போடுவதுதான் முன்னால் வரும், கடைக்காரர்களின் பக்கங்கள் பின்னால் போகும் என்று அறிவித்தது. ‘என் பக்கத்தில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்று மார் தட்டினால் போதாது. போட்ட படத்தை அந்தப் பத்தாயிரம் பேருக்கும் கம்பெனி காட்டுவதில்லை. காட்ட வேண்டுமென்றால் காசு கட்டு என்கிறது.

அடுத்தவன் திண்ணையில் கடை விரித்தால் அப்படித்தான்.

தெரிந்த முகம்

அப்படியானால் யாருமே ஜெயிக்கவில்லையா? ஜெயித்தவர்கள் உண்டு. 2015-ல் விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் என்ற இரண்டு பேர் பெங்களூருவில் ஆரம்பித்தது ‘மீஷோ’. ‘மேரி ஷாப்’, அதாவது ‘என் கடை’ என்பதன் சுருக்கம். வீட்டில் இருக்கும் பெண்கள் சேலைப் படத்தை வாட்ஸ்-அப்பில் அக்காவுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் அனுப்புவார்கள். ஆர்டர் வந்தால் லாபம் வைத்து விற்பார்கள். இதுதான் அதன் ஆரம்பகால வித்தை. 2019-ல் பேஸ்புக் கம்பெனியே அதில் பணம் போட்டது.

அந்தப் பெண்களிடம் லட்சம் ரசிகர்கள் இல்லை. இருந்தது தெரிந்த முகங்கள். ‘அந்தக்கா கொடுத்தா நல்லா இருக்கும்’ என்ற நம்பிக்கை.

எனவே இன்ஸ்டாகிராம் ஆள் கூப்பிடுவதற்கு. வந்த ஆளைத் தக்கவைப்பது வியாபாரியின் நோட்டுப் புத்தகத்தில். வாங்கியவரின் பெயர், நம்பர், ஊர், என்ன வாங்கினார், எப்போது தீரும் என்று எழுதி வைத்தவருக்கு எந்த ஆப் போனாலும் பயமில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிய வீட்டில் அது எத்தனை நாள் வரும் என்று கடைக்காரருக்குத் தெரியாதா? அந்த நாளில் ஒரு போன் போட்டால் போதும்.

2018-ல் வந்த வாட்ஸ்-அப் பிசினஸ் ஆப்பில் சரக்குப் பட்டியலே போட்டு வைக்கலாம். ஒரு பட்டியலில் 256 பேருக்கு ஒரே தட்டில் செய்தி அனுப்பலாம். ஆனால் கடைக்காரரின் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பார்சலோடு ‘நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க’ என்று ஒரு சீட்டு வைக்க எத்தனை காசு ஆகிவிடும்?

இன்னொரு கெட்ட பழக்கம். படத்தைப் போட்டுவிட்டு விலையை மறைப்பது. ‘வெல என்னங்க?’ என்று கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்கிறார்கள். சந்தையில் இப்படிச் சொன்னால் யாராவது நிற்பார்களா?

திரும்பி வரும் பார்சல்

லைக் விழுகிறது, கல்லா நிறையவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற முறையில் 10 பெட்ஷீட் அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். ஒன்றுக்கு லாபம் 120 ரூபாய். ஏழு பேர் வாங்கினால் 840. மூன்று பேர் ‘வேண்டாங்க’ என்று திருப்பினால், போக 80, வர 80 வீதம் 480 ரூபாய் தண்டம். மிச்சம் 360. விளம்பரத்துக்கு 300 கொடுத்திருந்தால் கையில் நிற்பது 60 ரூபாய். டீச்செலவுக்கு ஆகும்!

முன்பணமாக கொஞ்சம் வாங்கினாலே, விளையாட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வரி சங்கதியும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால், வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஆனால் வரி உள்ள எண்ணெய் டின் ஒன்று ஓசூரைத் தாண்டி பெங்களூரு போனாலே பதிவு வேண்டும். செல்போனுக்கு எல்லை தெரியாது, ஆர்டர் எங்கிருந்தும் வரும். தின்பண்டம், எண்ணெய், பொடி விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாக்கெட்டில் போட்டாக வேண்டும்.

‘ராணுவ ஆபீசர்’

வியாபாரம் சூடு பிடிக்கும்போதுதான் ஆசாமிகள் வருகிறார்கள். ராணுவ கேம்ப்பில் இருந்து பேசுவதாக ஒரு குரல். மொத்தமாக ஆர்டர். அடையாள அட்டைப் படமும் வரும். பேரம் பேசவே மாட்டார். அங்கேயே சந்தேகம் வர வேண்டாமா? ‘பணம் அனுப்பறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்பார். போட்டால் பணம் வராது, இருப்பது போகும். நாடு பூராவும் பல வியாபாரிகளுக்கு நாமம் போட்ட பழைய வித்தை இது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.

இன்னொரு கைவரிசை, பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட். அவசரத்தில் பார்சலைக் கட்டி அனுப்பிவிட்டு அப்புறம் பாஸ்புக்கைப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தையே களவாடும் கூட்டமும் உண்டு. ‘உங்கள் பக்கத்தின் மேல் புகார் வந்திருக்கிறது’ என்று லிங்க் அனுப்பி, பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கறந்துவிடுவார்கள். பிறகு அதே பக்கத்தில், அதே கடையின் பெயரில் அட்வான்ஸ் வசூல். வாங்கி ஏமாந்தவர் தேடி வருவது கடைக்காரரின் வீட்டுக்கு.

பணம் போனது தெரிந்த உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். திருடன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் சொன்னால், அதை வங்கியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று படுத்தவர்களின் பணம், விடிவதற்குள் நாலைந்து கணக்கு தாண்டிவிடும்.