கொப்பி இல்லாக் கடன்

கடைக்குச் செல்லும் அயலவர் நமக்கும் ஓர் இறாத்தல் பாண் வாங்கி வருவது கொழும்பில் புதிதன்று. அதையே ஒரு சேவையாக ஒழுங்குசெய்யப் புகும்போதுதான் சங்கடங்கள் தலைகாட்டுகின்றன.

2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் தெமட்டகொடைப் பொலிஸ் பிரிவில் மீண்டும் வந்தது. அந்நாட்களில் தொடர்மாடிகளில் பல வீட்டாரின் சீட்டுகளை ஒருவரே திரட்டிக் கடைக்கு ஓடர் கொடுத்தார்.

பலசரக்குக்கடை முதலாளியிடம் கடன் கொப்பி உண்டு. மாதமுடிவில் முகத்துக்கு நேரே கேட்பார். அயலவரிடம் கொப்பி ஏது? கைப்பணம் கொடுத்துப் பருப்பும் பால்மாவும் வாங்கி நான்காம் மாடிக்குச் சுமந்தவர், நாட்கூலி நின்றுபோன வீட்டில் எவ்வாறு காசு கேட்பார்? கேளாவிடின் அடுத்த வாரம் எதைக்கொண்டு வாங்குவார்? கொடுக்க இயலாதவரோ சீட்டே அனுப்பமாட்டார். (பிறர் சீட்டைப் படிப்பவர் அவர்தம் அடுக்களையையே பார்த்துவிடுகிறார் அல்லவா?)

ஆகையால், இப்பணி தொடங்க எண்ணும் மாணவர்களே, சைக்கிள் தேடுமுன் வீடுதோறும் சிறுதொகை சேர்த்து ஒரு பொதுமுதல் வையுங்கள். இயலாதவர் கணக்கை அதில் எழுதுங்கள். பெயரை ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். மீன் வாங்கிவர மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் எல்லாரையும் திருப்திப்படுத்த எவராலும் இயலாது.