பள்ளத்திற்குப் பூசணிக்காயா?

ஆயுத பூசைக்கு மறுநாள் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பாருங்கள். உடைந்த பூசணிக்காய், நசுங்கிய எலுமிச்சம்பழம், குழைந்த குங்குமம்! கண்ணேறு கழிந்ததாம், வண்டி இனி வாழுமாம். அந்தச் சதையில் சக்கரம் வழுக்கிப் பின்னால் வருபவன் விழுந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: விதி!

விதிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் பிரமன் தலையில் எழுதிய விதி அன்று. டில்லியில் எழுதி அச்சிட்ட விதி. 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் நான்காம் பிரிவு, அச்சாலைகள் அனைத்தும் ஒன்றியத்துக்கே உரியவை என்கிறது. ஐந்தாம் பிரிவு, அவற்றைப் பழுதின்றிப் பேணுவது ஒன்றிய அரசின் பொறுப்பு என்கிறது. ஆக, பள்ளத்துக்கு உடையவர் உண்டு. சனியுமல்ல, ராகுவுமல்ல, முகவரியுள்ள ஓர் அரசு!

முகவரியைத் தேடிப் போனால்தான் வேடிக்கை. பூந்தமல்லியைக் கடக்கும் 48ஆம் எண் சாலை, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஆணையத்தின் கையில். பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூர் செல்வதும் தேசிய நெடுஞ்சாலையே; ஆனால் திருநின்றவூர் வரை அதைப் பார்த்துவந்தது மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஒரு பிரிவு, டில்லி ஒதுக்கும் பணத்தில். உடைமை அவர்களுடையது, உழைப்பு நம்முடையது, காசு அவர்கள் மனம் வைத்தால்! ஆவடியில் விழுந்தவன் யாரைக் கேட்பான்? கேட்கத் தெரியாமல் சாலையோரத்து அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறான்.

கேட்டால் நடக்கும், தோழர்களே! மதுரவாயல் முதல் வாலாஜாப்பேட்டை வரை சாலை கெட்டுக் கிடந்ததைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2020 டிசம்பரில், நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிச் சுங்கம் மட்டுமே வாங்க ஆணையிட்டது. அரைச் சாலைக்கு அரைக் காசு! எந்த எலுமிச்சம்பழம் இதைச் சாதித்தது?

நகராட்சி எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலே சாவடி என்பது 2008ஆம் ஆண்டுக் கட்டண விதி. காரணத்தை எழுதி வைத்துவிட்டால் ஐந்து வரை நெருங்கலாம் என்று அதிலேயே ஒரு சந்து! வானகரம், சூரப்பட்டு, பரனூர், நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய ஐந்தையும் அகற்றுமாறு 2021இல் தமிழ்நாடு அரசு டில்லியைக் கோரியது. கோரியது! தன் மண்ணில், தன் மக்கள் செல்லும் சாலையில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கோரத்தான் முடியும். சாலைகள் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் டில்லி ஓர் அறிவிக்கையில் ‘தேசிய’ என்று பெயரிட்டால் போதும், சாலை பட்டியல் தாண்டிவிடும். பிறகு கல்லும் அவர்கள் கல்லே. 2017இல் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மைல்கற்களில் இந்தி ஏறியதை மறந்தோமா? எழுத்தை மாற்ற விரைந்த கை, தார்ச்சட்டி தூக்க ஏன் விரையவில்லை என்று கேட்கிறோம்.

அம்பத்தூர், ஆவடி இளைஞர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்துவிட்டது. கட்டணம் பத்து ரூபாய். எழுதிக் கேளுங்கள்: இந்தப் பள்ளம் எந்த அலுவலகத்துக்கு உரியது? கடைசியாக எப்போது தார் போட்டீர்கள்? பணம் யாருக்குக் கொடுத்தீர்கள்?