சாவி யாரிடம்?

வீட்டைத் திருப்பித் தந்துவிட்டேன் என்கிறான் ஒருவன். ஆனால் இரண்டு அறைகளின் சாவி மட்டும் அவன் இடுப்பிலேயே தொங்குகிறது. இதற்குப் பெயர் திருப்பித் தருவதா, தோழர்களே?

சைப்ரஸ் தீவில் பிரிட்டன் செய்தது இதுதான். 1960 ஆகஸ்ட் 16-ல் தீவு விடுதலை பெற்றது. ஆனால் அக்ரோத்திரி, தெகேலியா ஆகிய இரு பகுதிகளை, 99 சதுர மைல் மண்ணை, படைத்தளங்களுக்கென்று பிரிட்டன் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. குத்தகையாக அல்ல, சொந்த மண்ணாக! குத்தகைக்காவது கெடு உண்டு. இதற்குக் கெடுவே இல்லை.

ஒப்பந்தத்தில் அவர்களும் கையெழுத்திட்டார்களே என்பர். இட்டார்கள். ஆனால் தளங்களின் பரப்பளவு பற்றிய பேரம் முடியாததால் விடுதலை நாளே பல மாதம் தள்ளிப்போயிற்று. கதவைப் பூட்டிவைத்து வாங்கிய கையெழுத்து மனமுவந்த கையெழுத்தாகுமா?

2024 ஜனவரியில் அக்ரோத்திரியிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானங்கள் ஏமன் மீது குண்டு வீசின. முடிவெடுத்தது லண்டன். பதிலடி வருமோ என்று விழித்திருக்க வேண்டியவன் யார்? பக்கத்து லிமசோல் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி!

முடிவில் பங்கில்லை, ஆபத்தில் மட்டும் பங்கு. இது விடுதலையின் இலக்கணமல்ல. கொடி இறங்கியது போதாது. சாவியும் கைமாற வேண்டும்!